டைல்ஸ் இடுக்கில் படியும் பூஞ்சணம்: சிமென்ட்டைக் கெடுக்காமல் வீட்டுப் பொருட்களைக் கொண்டே போக்கும் முழுமையான வழிகாட்டி

குளியலறைச் சுவரில் டைல்ஸுக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கோடுகள் முதலில் பழுப்பேறி, பிறகு புள்ளி புள்ளியாகக் கறுத்து, ஐப்பசி கார்த்திகை மழை ஓயும்போது முழுவதும் கருங்கோடுகளாகிவிடுவதைச் சென்னையிலும் பிற கடலோர ஊர்களிலும் பல வீடுகளில் பார்க்கலாம். அதைக் கண்டதும் பெரும்பாலோர் கை நீட்டுவது ஆசிட் பாட்டிலுக்குத்தான். ஊற்றிய உடனே நுரை பொங்கும், கறுப்பு மறையும், மனம் நிறையும். ஆனால் சில வாரங்களில் முன்பைவிட அடர்த்தியாகக் கறுப்பு திரும்பி வருகிறது. இது ஏன் நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் எதைக் கொண்டு சுத்தம் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெளிவாகும்.

டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் பெரும்பாலும் சிமென்ட்டால் ஆனது; பழைய வீடுகளில் வெறும் வெள்ளை சிமென்ட்டையே குழைத்து அடைத்திருப்பார்கள். புதிதாக அடைத்த சிமென்ட் மிகுந்த காரத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல் இருப்பதால் அதில் பூஞ்சணம் வேர்பிடிக்க முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல அந்தக் காரத்தைத் தணிக்கிறது. அதன் மேல் சோப்பு, உடலின் எண்ணெய்ப் பிசுக்கு, தலைமுடி அழுக்கு ஆகியவை படலமாகப் படிகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் ஈரம் தங்குகிறது. உணவும் ஈரமும் கிடைத்துவிட்டால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆசிட் இந்தப் பூஞ்சணத்தோடு சேர்த்துச் சிமென்ட்டின் மேற்பரப்பையும் கரைத்துவிடுகிறது. துளைகள் அகலமாகின்றன, அடுத்த முறை ஈரமும் அழுக்கும் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. ஆசிட் ஊற்றிய இடத்தில் கறுப்பு மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் இதுதான்.

கறை எது என்று முதலில் பாருங்கள்

இடுக்கில் தெரியும் எல்லாக் கறையும் பூஞ்சணம் அல்ல. கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ புள்ளிகளாகத் தொடங்கிப் பரவுவது பூஞ்சணம். வாளியின் அடியிலும், வடிகால் மூடியின் ஓரத்திலும், சோப்புப் பெட்டியின் கீழும் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிவது பெரும்பாலும் பாக்டீரியாப் படலம். சமையல் சோடாவும் தேய்ப்பும் போதும், எளிதில் போய்விடும். வெள்ளையாகச் சொரசொரவென்று கெட்டிப்பட்டிருப்பது போர்த் தண்ணீரின் உப்புக்கறை. குழாய்க்குக் கீழே செங்காவி நிறத்தில் நீளமாக இறங்கியிருப்பது தண்ணீரிலுள்ள இரும்பால் வந்தது. இந்தக் கடைசி இரண்டுக்கும் கீழே சொல்லும் முறை பயன்படாது.

ஐயமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கறுத்த இடத்தில் ஒற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கறுப்பு கண்ணெதிரே வெளிறத் தொடங்கினால் அது பூஞ்சணம் என்று எடுத்துக்கொள்ளலாம். மாற்றமே இல்லையென்றால் வேறு அழுக்காக இருக்கக்கூடும். அதோடு ஒரு சாவியின் நுனியால் கிரவுட்டை மெல்லக் கீறிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சுத்தம் செய்வதில் பலன் உண்டு. மாவு மாவாக உதிர்ந்தால் எதைப் போட்டுத் தேய்த்தும் பயனில்லை, சுரண்டி எடுத்துப் புதிதாக அடைப்பதுதான் வழி. அந்த முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

தேவையான பொருட்கள்

ஆப்பசோடா என்று மளிகைக் கடையில் கேட்டு வாங்கும் சமையல் சோடாதான் இதில் முதன்மையான பொருள். அது மென்மையான காரம். அதன் நுண்ணிய துகள்கள் டைல்ஸின் பளபளப்பைக் கீறாமல் அழுக்கைத் தேய்த்தெடுக்கும். இரண்டாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் அதே திரவம்தான். வாங்கும்போது லேபிளைக் கட்டாயம் படியுங்கள்: ‘20 வால்யூம்’ என்று அச்சிட்டிருந்தால் அது ஏறத்தாழ 6 சதவீதம், சம அளவு தண்ணீர் சேர்த்தால் நமக்கு வேண்டிய 3 சதவீதம் கிடைத்துவிடும். ஒளி பட்டால் அது வலுவிழக்கும் என்பதால் வாங்கிய பாட்டிலிலேயே வைத்திருந்து, தேவையான அளவை மட்டும் அவ்வப்போது எடுத்துக் கலக்க வேண்டும். வேலை முடிந்தபின் அது தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடுவதால் நச்சு எதையும் விட்டுச் செல்வதில்லை. சமையலறைப் பொருள் அல்ல என்றாலும் இந்த வேலைக்கு இதற்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

சோப்புப் படலத்தை எடுக்கச் சலவை சோடா வேண்டும். அது வேண்டாம் என்பவர்கள் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தலாம். பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு, கெட்டியான நைலான் பிரஷ் ஒன்று, தேங்காய் நார், ஸ்பிரே பாட்டில், பஞ்சுத் திரி, உலர்ந்த பருத்தித் துணி, தரையில் தண்ணீர் தள்ளும் வைப்பர் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். கம்பி பிரஷும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் கூடவே கூடாது. அவை கிரவுட்டைச் சுரண்டுவதோடு, உதிரும் இரும்புத் துணுக்குகள் துளைகளில் சிக்கித் துருப்பிடித்துப் புதிய கறையையும் உண்டாக்கும்.

வினிகரும் எலுமிச்சையும் ஏன் வேண்டாம்

இயற்கை முறை என்றவுடன் பெரும்பாலோர் நினைப்பது வினிகரையும் எலுமிச்சையையும்தான். இரண்டும் அமிலங்களே. கடையில் கிடைக்கும் வினிகரில் ஏறத்தாழ 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. உலர்ந்த வெள்ளை சிமென்ட் கிரவுட்டின் மேல் ஒரு சொட்டு வினிகரை விட்டு அருகில் குனிந்து பார்த்தால், சிறு சிறு குமிழிகள் எழுவதைக் காணலாம். அது அழுக்கு கரைவதல்ல. கிரவுட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையும்போது வெளியேறும் கரியமில வாயுதான் அது. ஆசிட் ஒரே நாளில் செய்வதை வினிகர் பல மாதங்களில் செய்யும், அவ்வளவுதான் வேறுபாடு. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் இந்தக் கெடுதலோடு, சரியாக அலசாவிட்டால் பூஞ்சணத்துக்கு உணவாகும் சர்க்கரையையும் விட்டுவைக்கும். கடப்பா கல், பளிங்கு ஆகியவையும் சுண்ணாம்பு வகைக் கற்களே என்பதால், தரையிலோ திண்டிலோ அவை பதித்திருந்தால் அமிலம் பட்ட இடம் மங்கி வெளிறிவிடும். அதை மீட்க மறுபடியும் பாலிஷ் போட வேண்டியிருக்கும்.

வினிகருக்கு வேறு இடம் உண்டு. குழாய், ஷவர், கண்ணாடித் தடுப்பு ஆகியவற்றின் உப்புக்கறையை எடுக்க அது நல்ல பொருள். அப்போதும் அருகிலுள்ள கிரவுட்டை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு, சம அளவு நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துத் துடைத்து, சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடும் முறை மிகவும் பரவியிருக்கிறது. பொங்குவதைப் பார்த்தால் பெரிதாக ஏதோ நடப்பதாகவே தோன்றும். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, உப்புக் கரைசலும் கரியமில வாயுவும்தான் மிஞ்சுகின்றன. இரண்டும் தனித்தனியே செய்யக்கூடிய வேலையைக்கூட அந்தக் கலவை செய்யாது.

கலப்பதைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ பயன்படுத்திய இடத்தில் வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எதுவும் படக் கூடாது. படும் கணத்தில் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு எழும், ஜன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அம்மோனியா கலந்த திரவங்களோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் பெர்அசிட்டிக் அமிலம் உருவாகும். நேற்று வேறு எதையாவது ஊற்றியிருந்தால், இன்று சுவரையும் தரையையும் ஏராளமான தண்ணீரால் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்கும் முன்

ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போடுங்கள். வாளி, குவளை, ஷாம்பு பாட்டில்கள், மிதியடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். தலைக்கு மேலுள்ள வரிசைகளைத் தேய்க்கும்போது தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் தேவை. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள். உலர்ந்த பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் பறந்து வீடெங்கும் பரவும். முதலில் சுவரை மெல்ல நனைத்துவிட்டால் அவை அடங்கிவிடும்.

முதல் படி: சோப்புப் படலத்தை எடுத்தல்

பலரும் விட்டுவிடும் படி இது. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெண்படலமாகச் சுவரில் ஒட்டுகின்றன. அந்தப் படலம் இருக்கும்வரை பெராக்சைடின் வலு அதன் மீதே செலவழிந்துபோகும், அடியிலுள்ள பூஞ்சணத்தை எட்டாது.

ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, தேங்காய் நாரால் டைல்ஸையும் இடுக்கையும் சேர்த்துத் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். சலவை சோடா கையைப் புண்ணாக்கும் அளவுக்குக் காரமானது, கையுறையைக் கழற்ற வேண்டாம். அலுமினியக் கதவிலும் ஜன்னல் சட்டத்திலும் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் அலுமினியம் கறுத்துவிடும்.

பூந்திக்கொட்டையைப் பயன்படுத்துவோர் கொட்டையை நீக்கிய தோடு பத்துப் பதினைந்தை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டிக்கொள்ளலாம். நன்றாக நுரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை அருமையாக எடுக்கும். ஆனால் அதன் கஷாயம் சுவரில் தங்கினால் அதுவே அழுக்காகிவிடும் என்பதால் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி அலச வேண்டும்.

இரண்டாம் படி: பசையும் பஞ்சுத் திரியும்

ஒரு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் மூன்று பங்கு சமையல் சோடாவும் ஒரு பங்கு 3 சதவீத பெராக்சைடும் சேர்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு விட்டுக் குழையுங்கள். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, பிரஷில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். உலோகக் கிண்ணம் வேண்டாம், பெராக்சைடு அதில் விரைவாகச் சிதைந்துவிடும். அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் குழையுங்கள். மீந்ததை மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும்.

பல் பிரஷால் பசையை இடுக்கின் நீளவாக்கில் தடவி, பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். தரையில் இது எளிது. சுவரில் பசை சீக்கிரம் உலர்ந்து உதிர்ந்துவிடும், உலர்ந்தபின் அது வேலை செய்யாது. இங்கேதான் பஞ்சுத் திரி கைகொடுக்கிறது. நீளமாகத் திரித்த பஞ்சைப் பெராக்சைடில் முக்கி, சொட்டச் சொட்ட இல்லாமல் பிழிந்து, இடுக்கின் மீது வரிசையாக வைத்து விரலால் அழுத்திவிட்டால் அது கோட்டின் அகலத்திலேயே ஒட்டி நிற்கும். அதன்மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் அரை மணி நேரம் வரை ஈரம் காயாது. குழாய்க்கு அடியிலும் மூலைகளிலும் கறுப்பு ஆழமாக இறங்கியிருக்கும் இடங்களுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. திரியை எடுக்கும்போது அதன் அடிப்பக்கம் பழுப்பேறியிருப்பதும் கோடு வெளுத்திருப்பதும் தெரியும்.

நிறம் சேர்த்த கிரவுட்டாக இருந்தால், கதவுக்குப் பின்னால் மறைவான ஓரிடத்தில் முதலில் செய்து, காய்ந்தபின் பாருங்கள். பெராக்சைடு சில நிறங்களை வெளிறச் செய்யும்.

மூன்றாம் படி: தேய்த்தலும் கழுவுதலும்

நைலான் பிரஷை இடுக்கின் திசையிலேயே சிறு சிறு இழுப்புகளாக ஓட்டுங்கள். பெரிய அழுத்தம் தேவையில்லை, ஊறியதே வேலையில் பாதியை முடித்திருக்கும். கறுத்த நீர் வழியும்போதே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் அது கீழ் வரிசைக்கு இறங்கி அங்கே படியும். பிறகு மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சோடாவின் வெண்மை சிறிதும் தங்கக் கூடாது.

கழுவிய சுவரில் தண்ணீர் வடிந்தபின், 3 சதவீத பெராக்சைடை மட்டும் ஸ்பிரே பாட்டிலால் இடுக்குகளில் தெளித்து அப்படியே விட்டுவிடுங்கள். இதைக் கழுவ வேண்டியதில்லை. மீந்த வித்துகளை அழிப்பது இந்தத் தெளிப்புதான். பாட்டிலில் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

கோடு நனைந்திருக்கும்போது எப்போதும் கருமையாகவே தெரியும். ஆகவே பலனை மறுநாள், முழுவதும் உலர்ந்தபின் பார்த்து முடிவு செய்யுங்கள். இலேசான சாம்பல் நிறம் மிஞ்சியிருந்தால், பூஞ்சணம் செத்தபின்னும் அதன் நிறமி துளைகளில் தங்கியிருக்கிறது என்று பொருள். ஒருநாள் இடைவெளி விட்டுத் திரி முறையை மறுபடியும் செய்தால் பெரும்பாலும் மறையும். அதற்கும் மறையாததைக் கறையாகவே விட்டுவிடலாம். அதற்காக ஆசிட்டுக்குப் போகாதீர்கள்.

வெங்காரம் பற்றி

நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் வெங்காரம், அதாவது போராக்ஸ், பூஞ்சணம் திரும்ப வளர்வதைத் தடுக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, சுத்தம் செய்து உலர்ந்த இடுக்குகளில் துணியால் ஒற்றிவிட்டால் போதும். இயற்கையில் கிடைப்பது என்பதால் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். உள்ளே போனால் அது நஞ்சு. தவழும் குழந்தைகளும் நாய் பூனைகளும் உள்ள வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது, கர்ப்பிணிகள் இதைக் கையாளக் கூடாது.

ஈரத்தை விரட்டாமல் பூஞ்சணத்தை விரட்ட முடியாது

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சணமும் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலும் ஈரத்தைத் தடுப்பதையே முதன்மையாக வலியுறுத்துகிறது. வாளியில் மொண்டு குளிக்கும் வீடுகளில் தண்ணீர் தெறிக்கும் கீழ் வரிசைகளிலும், வாளியை நிரந்தரமாக ஒட்டி வைக்கும் மூலையிலும்தான் கறுப்பு முதலில் தோன்றும். குளித்து முடித்ததும் வாளியை நகர்த்தி வைத்து, சுவரின் அந்தப் பகுதியையும் தரையையும் வைப்பரால் வழித்துவிட்டால் ஈரத்தின் பெரும்பகுதி வடிகாலுக்குப் போய்விடும். எக்ஸாஸ்ட் மின்விசிறி குளித்தபின் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் மின்விசிறியை மட்டும் நம்ப முடியாது. அந்த மாதங்களில் வைப்பரோடு துணியால் ஒருமுறை துடைப்பதும் அவசியம். ஊறவைத்த துணிகளை நாள் முழுவதும் குளியலறையில் விட்டுவைக்காதீர்கள்.

எண்ணெய்க் குளியல் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் பயத்தமாவும் சுவரில் தெறித்து இடுக்கில் அடையும்போது, பூஞ்சணத்துக்கு அவையே விருந்தாகின்றன. குளித்த கையோடு இரண்டு குவளை வெந்நீரைச் சுவரில் ஊற்றி, நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட வேண்டும்.

சுத்தம் செய்தும் போகாதபோது

நன்றாக உலரவைத்தும் ஒரே இடத்தில் மட்டும் சில நாட்களில் கறுப்பு திரும்பினால், சுவருக்குள் புதைத்த குழாய் கசிகிறதா என்று பிளம்பரைக் கொண்டு பாருங்கள். அந்தச் சுவரின் மறுபக்கம் பெயின்ட் உப்பியிருந்தாலோ, டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலித்தாலோ ஐயம் உறுதியாகிறது. வாஷ்பேசின் ஓரத்துச் சிலிக்கோன் அடைப்பு கறுத்திருந்தால் அதைத் தேய்ப்பதில் பயனில்லை, பூஞ்சணம் உள்ளேயே வளர்ந்திருக்கும். பிளேடால் அறுத்தெடுத்துப் புதிதாகப் பூசுவதே வழி.

உதிரும் கிரவுட்டை, டைல்ஸ் ஓரம் சிதையாதபடி, பழைய ஹேக்சா பிளேடால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். தூசியை ஈர பிரஷால் எடுத்து, பெராக்சைடு தெளித்து, முழுவதும் உலரவிட்டபின் புதிய கிரவுட்டை ரப்பர் பட்டையால் அழுத்தி நிரப்பி, மேலே வழிந்ததை ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். தண்ணீர் அதிகம் தெறிக்கும் கீழ் வரிசைகளுக்கு, சிமென்ட்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போடச் சொல்லி டைல்ஸ் வேலை செய்பவரிடம் கேட்பது செலவுக்குத் தகுந்த பலன் தரும், அது நீரை உறிஞ்சுவதில்லை. சிமென்ட் கிரவுட் போட்டால் பாக்கெட்டில் குறித்த நேரம் வரை, குறைந்தது ஒரு முழு நாளாவது, அங்கே குளிக்காதீர்கள். நன்கு இறுகியபின், ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்கும் கிரவுட் சீலர் பூசுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் சீலர் இன்னும் இருக்கிறது. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் மறுபடியும் பூச வேண்டும்.